இருதய ஆபரேஷனுக்குப் பின் வரும் புத்தித் தடுமாற்றம்



துறையூரிலிருந்து இருதய ஆபரேஷனுக்காகத் திருச்சிக்குச் செல்லும் குடும்பத்தாருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க விரும்புகிறோம். பைபாஸ் முடிந்த முதல் சில நாட்களில் சிலர் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார்கள், இல்லாத ஆட்களைப் பார்ப்பார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள். பகலில் தெளிந்து, இரவில் மீண்டும் தடுமாறுவார்கள். வேறு சிலர் பேச்சின்றிச் சோர்ந்து கிடப்பார்கள். இதற்கு டெலீரியம் என்று பெயர். ஜின் தீண்டல் என்றோ பைத்தியம் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

காரணம் என்ன?

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. காலையில் கூடி இரவில் குறைவது அல்லாஹ் அமைத்த ஒழுங்கு. பெரிய ஆபரேஷனின் அதிர்ச்சியில் அது மிகவும் ஏறி, இரவிலும் இறங்காமல் நிற்கிறது. மூளையின் நினைவுப் பகுதியைப் பாதிக்கிறது. டெலீரியம் வந்தவர்களிடம் கார்டிசால் கூடுதலாக இருந்ததைச் சில ஆய்வுகள் கண்டன. முதுமை, வலி, தூக்கமின்மை, கிருமித்தொற்று, இரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம்.

ஆபரேஷனால் உடலில் எழும் அழற்சியை ஸ்டீராய்டு கொடுத்து அடக்கியும் பார்த்தார்கள். 18 நாடுகளில் 7,507 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் இரு சாராரிலும் 100-க்கு சுமார் 8 பேருக்கு டெலீரியம் வந்தது. ஆகவே, நம் கவனிப்பு மிக முக்கியம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாற்றம் தெரிந்தவுடன் நர்ஸிடம் சொல்லுங்கள். முன்பிருந்த மறதி, தூக்க மாத்திரை, குடிப்பழக்கம் எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

2. மூக்குக்கண்ணாடி, காது மெஷினை மறக்காமல் கொடுங்கள்.

3. "அத்தா, இது ஆஸ்பத்திரி, இன்று வெள்ளிக்கிழமை, நான் உங்கள் மகன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள், வாதாடாதீர்கள். பகலில் வெளிச்சமும் இரவில் தூக்கமும் கிடைக்கட்டும். கூட்டமாகப் போய்ப் பார்க்காதீர்கள்.

4. ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால், வேறிடம் கொண்டுபோய் ஓதிப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் செய்துவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நமது நபி (ஸல்) அவர்களே.

அந்த நேரத்தில் நோயாளி திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அறிவு மறைந்த நிலையில் இருப்பவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. தவறிய தொழுகைகளைப் பற்றி நமது இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ். வீடு திரும்பிய பிறகும் மறதி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக, ஆமீன்.

– செயலாளர்