ஐம்பதில் ஸ்பிரேயர் தூக்கலாமா?

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது 2022 ஜூலையில். அங்கேயும் அதற்கு பார்ட்ஸ் கொடுத்த கம்பெனிகளிலும் இருந்த பலருக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. கையில் செட்டில்மென்ட் பணம், வாட்ஸ்ஆப்பில் வரிசையாக ஃபிராஞ்சைஸ் விளம்பரங்கள்: டீக்கடை, பிரியாணி, கூரியர், பெஸ்ட் கன்ட்ரோல்.

அந்த வரிசையில் என் ஓட்டு கடைசிக்கு. ரோட்டோரக் கடை வேண்டாம், சாயங்காலம் மிஞ்சிக் கெட்டுப்போகும் சரக்கும் கிடையாது. வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை அபார்ட்மென்ட் முளைத்த இடமெல்லாம் நேற்றுவரை ஏரிக்கரை, புதர். ஜூவை ஒட்டி காப்புக்காடு. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும் திறந்தாயிற்று. கறையானுக்கும் கரப்பானுக்கும் இங்கே பஞ்சமில்லை.

ஆனால் ஃபிராஞ்சைஸ் வாங்கினால் ஒரு பெயரும் நாலு டி-ஷர்ட்டும்தான் வரும். தொழிலை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

1. முதல் கேள்வி, லைசென்ஸ் யார் தகுதியில்? பூச்சிமருந்தை வைத்துக் கூலிக்கு வேலை செய்ய வேளாண் துறை லைசென்ஸ் வேண்டும். 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் கேட்பது வேளாண் பட்டம், அல்லது வேதியியல் பாடத்தோடு அறிவியல் பட்டம். அதற்குமேல் மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ., ஹைதராபாத் என்.ஐ.பி.எச்.எம். போன்ற இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி. மெக்கானிக்கல் டிப்ளமோவை வைத்துக்கொண்டு இதில் ஒன்றும் செய்ய முடியாது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த ஒருவரை வேலைக்கு வைத்தால் உங்கள் குடுமி அவர் கையில். சம்பளம் பேசும்போது அது அவருக்கும் தெரியும். வீட்டில் மனைவியோ மகளோ கெமிஸ்ட்ரி படித்திருந்தால் மைசூருக்கு டிக்கெட் போடுங்கள். ‘எங்க லைசென்ஸ்லயே ஓட்டிக்கலாம் சார்’ என்று கம்பெனிக்காரர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். விதிப்படி ஒவ்வொரு இடத்துக்கும் தனி லைசென்ஸ்.

2. அக்ரிமென்டை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். அமெரிக்காவில் ஃபிராஞ்சைஸ் விற்பவர், பணம் வாங்குவதற்கு 14 நாள் முன்பே தன் ஜாதகத்தையெல்லாம் காகிதத்தில் கொடுத்தாக வேண்டும். மலேசியாவில் 1998-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்றும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் உங்கள் சாமர்த்தியமும்தான். டெரிட்டரியை ‘வண்டலூர்’ என்று எழுதவிடாதீர்கள். 600048 மட்டுமா, ஊரப்பாக்கம் 603210-ம் சேர்த்தா? பின்கோடு போட்டு வாங்குங்கள். ராயல்டி பில் போட்ட தொகைக்கா, வசூலான தொகைக்கா? கெமிக்கல் அவர்களிடமே வாங்க வேண்டுமென்றால் என்ன விலைக்கு? நீங்கள் விலகினால் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கஸ்டமர் லிஸ்ட் யாருக்கு? கடைசிக் கேள்விக்கு அவர்கள் இழுத்தால், மொத்த டீலும் எதற்காக என்று புரிந்துவிடும்.

3. பி.எஃப். பணத்தை மொத்தமாக இறக்காதீர்கள். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. கடனுக்கு வயது உச்சவரம்பு இல்லை. சர்வீஸ் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம், பொதுப்பிரிவினர் கைக்காசு 10 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு ஃபிராஞ்சைஸ் ஆபீசுக்குப் போங்கள்.

4. முதல் மூன்று மாதம் ஸ்பிரேயரை நீங்களே தூக்குங்கள். இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவருக்கு இதுதான் கசக்கும். கசந்தாலும் வழியில்லை, வேலை தெரியாத முதலாளியை டெக்னீஷியன் ஒரே வாரத்தில் எடைபோட்டுவிடுவார்.

கறையான் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கான ஐ.எஸ். 6313 விதிமுறையின்படி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒரு துளை, 12 மி.மீ. பிட். துளை இனிமேல் குடிக்காது என்கிறவரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்துக் கலவை. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. வாசல் போக நாற்பது துளைக்குக் குறையாது. இமிடாகுளோபிரிட் 30.5 என்றால் லிட்டருக்கு 2.1 மி.லி. ஒரு அறைக்குப் பத்து லிட்டரில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வரும் பையன் உங்கள் காசை மிச்சம் பிடித்ததாக நினைக்காதீர்கள். அடுத்த வருஷம் கதவு நிலையில் மண்கோடு ஏறும்போது வாரன்டி கார்டில் இருப்பது உங்கள் போன் நம்பர்.

டிரில் போடுவதற்கு முன் பைப் லைன் எங்கே போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்பது பாதி வேலை. என் வீட்டு பாத்ரூம் ஓரத்தில் ஒரு டெக்னீஷியன் கேட்காமல் பிட்டை இறக்கினார். கறையானுக்கு முன் ஹாலுக்குள் தண்ணீர் வந்தது. அந்தக் கம்பெனியை இன்றுவரை யாருக்கும் நான் சிபாரிசு செய்ததில்லை.

5. லாபம் இரண்டாவது விசிட்டில். மூட்டைப்பூச்சி முட்டையை ஸ்பிரே அவ்வளவாக அசைக்காது. ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து வந்துவிடும். தேதி குறித்து, கஸ்டமர் கூப்பிடும் முன் போய் நில்லுங்கள். பிஜி ஹாஸ்டல்களில் இந்த ஒரு பழக்கம் ஏ.எம்.சி. வாங்கித் தரும். ஹோட்டல், கேன்டீன் பக்கம் இன்னும் சுலபம்: உணவுப் பாதுகாப்பு விதிகளே பூச்சிக் கட்டுப்பாட்டைக் கேட்கின்றன. அவர்களுக்கு வேண்டியது ஒழுங்கான சர்வீஸ் ரிப்போர்ட், தேதி, கையெழுத்து.

6. அவசர வேலைக்கு ‘முடியாது’ சொல்லப் பழகுங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். தொழில் தெரிந்தவருக்கும் இதில் சலுகை இல்லை. இந்தியாவில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த மாக்ஸ்வெல் லெஃப்ராய் 48 வயதில், 1925-ல், லண்டனில் தொடங்கியதுதான் ரென்டோகில். அதே வருஷம் தன் லேபில் விஷவாயு சோதனையில் அவர் போய்விட்டார். எந்த மருந்து, எத்தனை மணி நேரம் உள்ளே வரக்கூடாது, எப்போது ஜன்னல் திறப்பது என்று தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். எலிமருந்தைப் படுக்கையறையில்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் கஸ்டமர் போட்டிக் கம்பெனிக்கே போகட்டும்.

7. மழை ஆரம்பித்ததும் ‘சார், வீட்டுக்குள்ள பாம்பு’ என்று போன் வரும். நாலு காசு கிடைக்கிறதே என்று கோலை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, உங்கள் லைசென்ஸ் பூச்சிக்குத்தான். வனத்துறை நம்பரையும் தீயணைப்பு நிலைய நம்பரையும் போனில் போட்டு வைத்துக் கொடுத்துவிடுங்கள். பாம்பு போன மறுநாள் நீங்களே கூப்பிட்டு, எலி நடமாட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாம்பு வந்தது பெரும்பாலும் அதைத் தேடித்தான்.