பேருந்தின் சுழிப்பிழை

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முதலாண்டுச் செய்முறை வகுப்பில் வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்ததும் நாம் முதலில் என்ன செய்தோம்? இரு தாடைகளையும் சேர்த்து வைத்துச் சுழிப்பிழை உண்டா என்று பார்த்தோம். பிறகு பத்து அளவீடுகள் எடுத்து, அட்டவணை போட்டு, கடைசியில் திருத்தத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பிப் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருத்தி. அதே திருத்தம் எங்கள் வீட்டருகே நின்ற ஒரு பேருந்துக்குத் தேவைப்படும் என்று அப்போது நான் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் ஊர் கீரப்பாளையம். சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் இடையே உள்ளது. என் தாய்மாமா கடன் வாங்கி ஒரு பழைய சுற்றுலாப் பேருந்து வைத்திருக்கிறார். கல்யாணம், திருப்பதி, வேளாங்கண்ணி என்று ஓட்டம் கிடைக்கும். ஓட்டம் இல்லாத நாட்களில் வண்டி எங்கள் களத்தில் நிற்கும். அது ஏர் சஸ்பென்ஷன் வண்டி. சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், இடப்பக்கப் பின்புறம் மட்டும் தரையை நோக்கிச் சரிந்து, ஒரு காலை மடக்கிய எருமை போல் வண்டி நின்றது. மறுநாள் முகூர்த்த ஓட்டம். முன்பணமும் வாங்கியாயிற்று.

பழுதைச் சொல்லுமுன் இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். லாரியிலும் சாதாரணப் பேருந்திலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய பிளேட் ஸ்பிரிங் இருக்கும். பாரம் ஏறினால் அது வளையும், வண்டி தாழும். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் பட்டைக்குப் பதிலாகக் கனத்த ரப்பர்ப் பைகள் இருக்கின்றன. ஓட்டுநர்கள் அவற்றைப் பலூன் என்பார்கள். அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை என்று படித்திருக்கிறோம். ஒரு பலூனின் பயன்படு பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ வீதம் அழுத்தம் இருந்தால் அது 2,000 கிலோவைத் தாங்கும். ஆட்கள் ஏறி அதன் மேல் இன்னும் 600 கிலோ கூடினால், அழுத்தம் 5.2 ஆக வேண்டும். அவ்வளவு காற்று உள்ளே போய்விட்டால் வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும்.

அப்படியானால் எவ்வளவு காற்று வேண்டும் என்று யார் சொல்வது? வண்டியில் தராசு ஏதும் இல்லை. அங்கேதான் உயர உணரி வருகிறது. மாமாவின் வண்டியில் இருப்பது அதன் பழைய வடிவமான லெவலிங் வால்வு. உணர்வதும் அதுவே, காற்றைத் திறப்பதும் அதுவே. வால்வு சேசிஸில் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு நெம்புகோல் நீண்டிருக்கும். நெம்புகோலின் நுனியை ஒரு கம்பி கீழே அச்சுடன் இணைக்கும். பாரத்தால் சேசிஸ் தாழ்ந்தால், அச்சு தாழாததால், கம்பி நெம்புகோலை மேலே தள்ளும். தொட்டியிலிருந்து காற்று பலூனுக்குள் பாயும். ஆட்கள் இறங்கி வண்டி உயர்ந்தால் நெம்புகோல் கீழே இழுபடும், காற்று வெளியேறும். நெம்புகோல் நடுநிலைக்கு வந்ததும் இரண்டு வழிகளும் மூடிக்கொள்ளும். நம் மின்னணுவியல் பாடத்தில் வரும் எதிர்ப்பின்னூட்டம் இதுதான். இந்த வால்வுக்கு எடை தெரியாது. தன் நெம்புகோல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும்.

மாமாவின் வண்டியில் பலூன்கள் ஆறு. ஆனால் வால்வுகள் மூன்றுதான்: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பதே இதற்குக் காரணம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். நான்கு வால்வுகள் இருந்தால் அவை ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1953-இலேயே பேருந்துகளுக்குக் காற்றுப் பைகளைப் பொருத்தியது. 1955-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் காற்றுப் பைகளுக்குப் பதில் வாயுவும் எண்ணெயும் இருந்தன. ஆனால் உயரத்தைப் பார்த்துத் திருத்தும் வால்வு அதிலும் உண்டு. நம் நாட்டில் 2001-இல் வந்த வோல்வோ பேருந்துகளால்தான் பலரும் இந்தச் சுகத்தை அறிந்தார்கள். சென்னையில் 2024-இல் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் படிப்பக்கமாகச் சாய்ந்து தாழ்வதும் பலூன் காற்றை இறக்கித்தான்.

இனி எங்கள் களத்துக்கு வருவோம். சோப்பு நுரையைப் பலூன்களிலும் குழாய் இணைப்புகளிலும் தடவிப் பார்த்தோம், குமிழி இல்லை. வால்வின் வெளியேற்றும் துளையில் மட்டும் குமிழி விடாமல் வந்தது. கம்பி வளைந்திருந்தாலும் அங்கே காற்று போகும். ஆகவே கம்பியைப் பார்த்தோம். அது நேராகவே இருந்தது. நெம்புகோலைக் கையால் நடுநிலையில் பிடித்தபோதும் குமிழி நிற்கவில்லை. வால்வுதான் தேய்ந்துவிட்டது. மாமா சிதம்பரம் போய்ப் புதியது வாங்கி வந்தார்.

மாமாவின் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. சிறு வயதில் நான் கேட்டபோதெல்லாம் "வண்டி தின்னுடுச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அன்றுதான் முழுக் கதையையும் சொன்னார். பதினெட்டு வயதில் அவர் ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தார். இதே போன்ற வண்டிக்கு அடியில் படுத்து, இதே கம்பியைக் கழற்றினார். கீழே முட்டுக் கொடுத்திருக்கவில்லை. கழன்ற நெம்புகோல் தன் எடையால் கீழே விழுந்தது. நெம்புகோல் கீழே போனால் வால்வுக்கு என்ன பொருள்? வண்டி உயர்ந்துவிட்டது, காற்றை விடு என்று பொருள். விட்டது. சேசிஸ் அவர் கையின் மேல் இறங்கியது. "கை அங்க இருந்ததால கை போச்சு. தலை இருந்திருந்தா?" என்றார். என் அம்மா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகவே எங்கள் வேலை இந்த வரிசையில் நடந்தது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். ஜாக்கியால் உயர்த்தி, சேசிஸுக்கு அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினோம். களத்து மண் இளகியது என்பதால் அவற்றின் கீழே கனத்த பலகை போட்டோம். பிறகு தொட்டியிலும் பலூனிலும் இருந்த காற்றை நாங்களே முழுவதும் வெளியேற்றி, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் உட்காரவிட்டோம். அதன் பிறகே மாமா கீழே போனார். அழுத்தம் உள்ள குழாயைக் கழற்றுவதும் ஆபத்து. நுனி பாம்பு போல் சீறி முகத்தில் அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, பலூனை மட்டும் நம்பியோ யாரும் அடியில் போகக்கூடாது. இதைப் படிப்பவர் வீட்டிலும் ஓட்டுநரோ மெக்கானிக்கோ இருக்கலாம். தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டுமாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வால்வை மாற்றுவது எளிது. இரண்டு போல்ட்டுகள், குழாய்கள், கம்பி, அவ்வளவுதான். பழைய நெம்புகோலையே கழற்றிப் புதிய வால்வின் தண்டில் இறுக்கினோம். மாமாவால் இடக்கையால் ஸ்பானரைப் பிடித்துத் தாங்க முடியாது. அதை நான் செய்தேன். ஸ்டாண்டை எடுத்து, என்ஜினை ஓடவிட்டுக் காற்று நிரப்பினோம். இடப்பக்கம் எழுந்தது, எழுந்துகொண்டே போனது, கடைசியில் வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது!

"பொருள் சரியில்ல. திருப்பிக் கொடுத்துட்டு வரேன்" என்று மாமா சட்டையை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததைக் காட்டிக்கொள்ள ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். "கொஞ்சம் இருங்க மாமா, அளந்து பார்த்துடலாம்" என்றேன்.

மாமா தரையிலிருந்து வண்டியின் விளிம்பு வரை அளக்கப் போனார். களம் ஒரு பக்கம் சரிவானது. அந்த அளவு நம்மை ஏமாற்றும். அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே அளந்தோம். வலப்பக்கம் 28 சென்டிமீட்டர். வண்டியின் பழைய கையேட்டில் இருந்ததும் அதுவே. இடப்பக்கம் 31. மூன்று சென்டிமீட்டர் பிழை, நிலையான பிழை. வண்டியை ஆட்டிவிட்டு மறுபடி அளந்தாலும் அதே மூன்றுதான். ஒவ்வோர் அளவிலும் மாறாமல் வரும் பிழை எது? சுழிப்பிழை.

நெம்புகோலின் நீளம் 20 சென்டிமீட்டர். மூன்றை இருபதால் வகுத்தால் 0.15, சைன் அட்டவணைப்படி ஏறத்தாழ ஒன்பது பாகை. நெம்புகோலை ஒன்பது பாகை தொங்கலாக இறுக்கியிருக்கிறோம்! அதனால் வண்டி மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக உயர்ந்த பிறகே வால்வு நடுநிலைக்கு வந்திருக்கிறது. வால்வு பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதற்குத் தவறான சுழியைக் கற்றுக் கொடுத்தோம்.

வால்வின் உடலில் ஒரு சிறு துளை இருந்தது. வார்ப்பில் விட்டுப்போன ஓட்டை என்று மாமா நினைத்திருந்தார். நடுநிலையில் தண்டைப் பூட்டுவதற்கான துளை அது. அதில் ஓர் ஆணியைச் செருகினால் தண்டு அசையாது. மறுபடி ஸ்டாண்டு வைத்து, காற்றை இறக்கி, ஆணியைச் செருகி, நெம்புகோலைக் கிடைமட்டமாக நிறுத்தி இறுக்கினோம். ஆணியை மறக்காமல் எடுத்துவிட்டோம். மறந்திருந்தால் வால்வு எதையும் உணராது.

இக்காலத்து விலையுயர்ந்த கார்களிலும் பேருந்துகளிலும் நெம்புகோல் காற்றைத் திறப்பதில்லை. அது ஒரு சிறு காந்தத்தைத் திருப்பும். 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவின்படி மின்னழுத்தம் மாறும். கணினி அதைப் படித்து வால்வுகளை இயக்கும். சில கார்களில் முகப்பு விளக்கின் ஒளிக்கற்றையைத் தாழ்த்துவதும் இத்தகைய உணரிதான். அவற்றில் சுழி கணினியின் நினைவில் இருக்கும். ஆகவே புதிய உணரியை மாட்டிவிட்டு, சரியான உயரத்தில் வண்டியை நிறுத்தி, உரிய கருவியால் 'இதுவே சுழி' என்று பதிவு செய்தால்தான் வேலை முடியும். ஸ்பானர் மட்டும் வைத்திருக்கும் மாமாவைப் போன்றவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். அந்தக் கருவி எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் இருப்பதில்லை.

மாலை ஆறு மணிக்கு இரு பக்கமும் 28 காட்டின. மாமா எங்கிருந்தோ கொஞ்சம் பச்சைப் பெயிண்ட் கொண்டுவந்து, அந்த எண்ணைச் சேசிஸில் எழுதச் சொன்னார். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்றார். எழுதினேன். காலை நான்கு மணிக்கு வண்டி முகூர்த்தத்துக்குக் கிளம்பிய சத்தம் படுக்கையிலிருந்தே கேட்டது.