வாசலில் கேஸ் அடுப்பு போடுகிறீர்களா?

பங்குனியில் வலங்கைமான் மகாமாரியம்மன் கோயில் பாடைக்காவடிக்கு உறவு கூடும்போது, சமையல் வாசலுக்கு வந்துவிடும். பெரிய அடுப்பைப் பற்றவைக்குமுன் இதைப் படியுங்கள்.

1. கீற்றுப் பந்தலுக்கு வெளியே, வைக்கோல் போருக்கு எட்டத்தில் அடுப்பைப் போடுங்கள். காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும். நம்மூர் வெடிக்கடைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

2. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் கேஸ் திரவமாகவே வந்து தீ சீறும்.

3. ரெகுலேட்டரிலும் ட்யூப் முனைகளிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றே விடுங்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

4. ட்யூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள்.

5. முடித்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். ட்யூபில் மிஞ்சிய கேஸ் எரிந்து தீரும். பிறகு அடுப்புத் திருகு.

6. சிலிண்டரைப் பள்ளத்திலோ நெல் மூட்டை அடுக்கிய அறையிலோ வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தேங்கும்.

வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.