கூலியும் கூரையும்

எங்கள் வீட்டு மாடியறையில் ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர் ஒருவர் குடியிருக்கிறார். ஆம்பூரில் ஒரு டேனரியில் அவருக்கு வேலை. முன்பு கம்பெனிக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகை அறையில் ஏழு பேரோடு தங்கியிருந்தார். ஒரு நாள் சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டி, "தம்பி, ரூம் பணம் சம்பளத்துக்கு உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டார். (இந்தி தெரிந்தவர் ஆம்பூரில் உருது பேசுவோரிடமே காலத்தை ஓட்டிவிடலாம், இவர் பிடிவாதமாகத் தமிழ் கற்றவர்.) பொருளியல் இறுதியாண்டு மாணவனான எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தோல் பதனிடும் தொழிலைத் தன் முதற் பட்டியலிலேயே சேர்த்திருந்தது. முதலாளி தரும் வீட்டின் மதிப்பு, விளக்கு, தண்ணீர், மருத்துவ வசதி ஆகியவை கூலியாகா என்று அது விலக்கி வைத்தது. வீட்டு வாடகைப்படி என்று பணமாகக் கொடுத்தால் கூலியில் சேரும். வீடாகவே கொடுத்தால் சேராது. இந்த நுட்பத்தை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. குறைந்தபட்சக் கூலி மாதம் ரூ. 12,000 என்று வைத்துக்கொள்வோம். "அறையின் மதிப்பு 2,000; ஆகவே கையில் 10,000" என்று முதலாளி கணக்கிட்டால் அது சட்டமீறல். கூலி 12,000 என்றே எழுதி, பிறகு வாடகை பிடிக்கலாம். அதற்கு 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் இடந்தந்தது. ஆனால் தொழிலாளி அந்த வீட்டை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தம் வீட்டின் மதிப்பை மிஞ்சக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து பொதுவாகக் கூலியில் பாதியைத் தாண்டலாகாது.

கைக்கு வருவது ஒன்றுதானே என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். ஒன்றல்ல. ஓவர்டைமுக்கு இருமடங்கு கணக்கிடும்போது 12,000-க்கு ஒரு தொகை, 10,000-க்கு வேறு தொகை. மேலும், அறை வேண்டாம் என்று வெளியேறுகிறவனுக்கு முழுக் கூலியும் கிடைத்தாக வேண்டும்.

முதலாளி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி ஆகியவற்றோடு வீட்டு வாடகையையும் சேர்த்தது. வாடகைப் பணம் கூலிக்குள்ளேயே இருக்க, வீட்டையும் இலவசமாகத் தருவதா என்று அவர்கள் கேட்கலாம். பிடித்தத்திற்குச் சட்டம் இடந்தந்ததும் இதனால்தான் எனக் கருதுகிறேன். அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் தங்குமிடத்தின் நியாயமான செலவையே கூலியாகக் கொள்ள விடுகிறது. 1999-இல் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்த பிரிட்டன், அரசு நிர்ணயிக்கும் நாளொன்றுக்கான வரம்பு வரை அனுமதிக்கிறது.

ஆனால் 'வீட்டின் மதிப்பு' என்றால் என்ன? 2015 ஜனவரி 31 அன்று, இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் படுத்துறங்கியவர்களைக் கசடு மூடியது. பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள். அவர்கள் படுத்த தரைக்கு எவ்வளவு வாடகை எழுதுவது? ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த உறைவிடம் அமைத்துத் தருவது அவர் கடமை என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. கடமையாகத் தருவதற்கு வாடகை கேட்பது பொருந்துமா என்பதே என் ஐயம்.

2025 நவம்பர் 21 முதல் இச்சட்டங்களின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. கூலித் தொகுப்பிலும் வீட்டின் மதிப்பு கூலிக்கு வெளியேதான். வாடகைப்படியும் இப்போது வெளியே போய்விட்டது. இத்தகைய விலக்குகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி கூலியாகும். ஆனால் பொருளாகத் தரும் ஊதியத்தை, மொத்தக் கூலியில் 15 விழுக்காடு வரை, கூலியாகக் கொள்ளலாம் என்றொரு விளக்கமும் அங்கேயே இருக்கிறது. வீட்டைத் தனியே பெயர் சொல்லி விலக்கியபின், இந்த வாசல் வழியாக அதை உள்ளே கொண்டுவர முடியாது என்பது என் கருத்து. ஆசிரியர்கள் திருத்தலாம்.

மாடியறை நண்பரிடம், "வெளியே, அண்ணா. ஆனால் பிடிக்கலாம், நீங்கள் தங்கியிருந்தால் மட்டும்" என்றேன். அறையை விட்டு வந்தபின்னும் இரண்டு மாதம் பிடித்திருந்ததை அவரே சீட்டில் கண்டுபிடித்தார். ஒரு மாதப் பணம் திரும்ப வந்தது. மற்றதற்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.