வம்சத்தின் பொறுப்பு

ஹெப்பாள், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். ஒசூரில் நீ வளர்க்கும் முதோள் இனப் பெட்டை நாய்க்கு இரண்டு வயது நிரம்பிவிட்டது என்றும், அடுத்த பருவத்தில் அதை ஒரு கடுவனோடு சேர்க்க எண்ணுகிறாய் என்றும், எலகங்காவில் ஒருவர் கண்காட்சியில் பரிசு பெற்ற தம் நாயைத் தருவதற்கு இசைந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடுவன் சகல லட்சணங்களும் பொருந்தியது, அது போதாதா என்று கேட்கிறாய். போதாது என்பதே என் விடை. ஆயினும் காரணம் தெளியாமல் விடையை மட்டும் ஏற்பதால் உனக்குப் பயனில்லை; ஆதலின் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீ வளர்க்கும் நாயின் பூர்வ சரித்திரத்தை முதலில் நினைத்துப் பார். இன்று பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் முதோள், முன்னாளில் கோர்ப்படே வம்சத்தார் ஆண்ட ஒரு சிறு சமஸ்தானம். அந்த வறண்ட சமவெளியில், மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டு துரத்தி முயல் பிடிக்கும் மெலிந்த நாய்களைக் குடியானவர்களும் வேட்டைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தனர்; ராஜா மாலோஜிராவ் கோர்ப்படே அவற்றை ஆதரித்துப் பெருக்கி, ஒரு ஜோடியை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகவும் அளித்தார். 2005-இல் இந்திய அஞ்சல் துறை இதன் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. முதோளை அடுத்த திம்மாபுரத்தில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகம் இதற்கென ஓர் ஆராய்ச்சி மையத்தை நடத்துகிறது. 2016-இல் இராணுவம் குட்டிகளை மீரட்டுக்குக் கொண்டுசென்று பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2020-இல் பிரதமர் தம் வானொலி உரையில் இதன் பெயரைச் சொன்னார். அழிந்துவிடுமோ என்று அஞ்சப்பட்ட இனத்துக்கு இவையெல்லாம் நன்மையே. ஆனால் திடீரென்று வந்த புகழ் குட்டிகளுக்குத் தேவையைப் பெருக்கும். தேவை பெருகும்போது எல்லாரும் பரிசு பெற்ற ஒருசில கடுவன்களையே நாடுவார்கள். அதிலிருந்துதான் நான் சொல்லவந்த ஆபத்து பிறக்கிறது.

ஒரே கடுவன் நூறு குட்டிகளுக்குத் தகப்பனாகுமானால், அடுத்த தலைமுறையில் நீ எங்கே துணை தேடினாலும் அதன் மகனோ மகளோ பேரனோதான் எதிர்ப்படும். உடன்பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்தால், குட்டியின் எந்த ஒரு ஜீனை எடுத்துக்கொண்டாலும், அதன் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருப்பதற்கு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வாய்ப்புண்டு. தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும் அதே கணக்குத்தான். தாய் தகப்பன் இருவருள் ஒருவர் மட்டுமே பொதுவானால் பன்னிரண்டரை. இவ்வாறு இரத்தம் குறுகக் குறுக, ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறைவதும், நோயை எதிர்க்கும் சக்தி தளர்வதும், அதுவரை மறைந்திருந்த பிணிகள் வெளிப்படுவதும் இயற்கை. கண்காட்சி நடுவரின் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

பரம்பரைப் பிணிகளுள் பல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுள்ள ஜீன் வந்தாலன்றி வெளிப்படமாட்டா. ஒன்றை மட்டும் பெற்ற நாய் வாழ்நாள் முழுதும் ஆரோக்கியமாகவே ஓடியாடித் திரியும். ஆனால் அதைப் போன்ற இன்னொன்றோடு அதைச் சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று நோயுடன் பிறக்கும். பழுதே இல்லாத துணையோடு சேர்த்தாலோ ஒரு குட்டிக்கும் அந்த நோய் வாராது. எனவே, தம்பி, இதை மனத்தில் பதித்துக்கொள்: அரிய இனத்தில் சோதனை செய்வது நாய்களைத் தள்ளுவதற்கு அன்று, தக்க துணையைத் தேர்வதற்கே. பழுதைச் சுமக்கும் நாய்களையெல்லாம் ஒரேயடியாக விலக்கிவிட்டால், அவற்றோடு அவை சுமந்த நல்ல குணங்களும் போய், ஏற்கெனவே குறுகிய இரத்தம் மேலும் குறுகிப்போகும். நோயுற்ற நாயைச் சேர்க்கவே கூடாது. நோயைச் சுமந்தும் நலமாயிருக்கும் நாயையோ விவேகத்தோடு சேர்க்கலாம். அயல்நாட்டு ஆய்வுக்கூடங்கள் அனுப்பும் ஜீன் சோதனைப் பட்டியலைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதே. அவற்றுள் பெரும்பாலானவை அயல்நாட்டு இனங்களில் கண்டறியப்பட்டவை, நம் நாய்களின் பிணிக்கு வேறு ஜீன் காரணமாக இருக்கக்கூடும். ஆகையால் நேரே உடலைப் பார்க்கும் பரிசோதனைக்கே நீ முதலிடம் தரவேண்டும்.

ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உன் பெட்டையை ஒருமுறை அழைத்து வா. பார்வையையே நம்பி வாழும் இனமாதலால், விழித்திரை மெல்ல அழியும் நோய் உண்டா என்று கண்ணைச் சோதிக்க வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டால் எக்கோ எடுக்க வேண்டும். மூட்டுகளுக்கு எக்ஸ்ரே உண்டு. நம் இராஜபாளையம் நாயில் பிறவிச் செவிடு காணப்படுவதை நீ கேள்விப்பட்டிருப்பாய்; தோலுக்கு நிறம் தரும் அணுக்களே உட்செவியின் நலத்துக்கும் வேண்டியவையாதலால், அவை குறைந்த வெண்ணிற நாய்களுக்கு அக்குறை நேர்கிறது. ஒரு காது மட்டும் கேளாத நாய் வீட்டில் நன்றாகவே நடந்துகொள்ளும். செவியில் ஒலி எழுப்பி மூளையின் மின்னசைவை அளக்கும் சோதனையில்தான் அது புலப்படும். உன் பெட்டையின் உடலில் வெண்மை மிகுந்திருந்தால் இதையும் கேட்டுப் பார்.

சேர்க்கையினாலேயே பரவும் பிணிகளை மறவாதே. புரூசெல்லா என்னும் கிருமி கருவைச் சிதைத்து மலட்டுத்தன்மையைத் தருவதோடு மனிதரையும் தொற்றும். தெருநாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிறப்புறுப்புக் கட்டியும் சேர்க்கையால் ஒட்டுவதே. இரண்டுக்கும் கடுவனையும் பெட்டையையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். நம் பக்கத்து உண்ணிக் காய்ச்சல், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடும்; அதை மறைவாகச் சுமக்கும் பெட்டைக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு நேருமாதலின், முன்கூட்டியே இரத்தம் பார்த்து மருந்து கொடுத்துவிட வேண்டும். கொழுப்பற்ற இத்தகைய வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகளின் வேகம் எளிதில் தணிவதில்லை. சிசேரியன் தேவைப்படலாம் என்பதால் மருத்துவரிடம் இனத்தைச் சொல்லி வை.

சட்டமும் இவ்விஷயத்தில் பேசுகிறது. 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க விதிகளின்படி, பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்குள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது. குட்டிகளை விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். இவை கடக்கக் கூடாத எல்லைகளேயன்றி, அடையவேண்டிய இலக்குகள் அல்ல. ஐந்து ஈற்றுக்கு இடமிருக்கிறது என்பதற்காக ஐந்து ஈற்றும் ஈனவைப்பது தர்மம் ஆகாது.

அப்படியானால் துணையை எங்கே தேடுவது? ஓர் உதாரணம் சொல்கிறேன். பஸெஞ்சி என்னும் ஆப்பிரிக்க நாய் அமெரிக்காவில் சில முன்னோர்களிலிருந்தே பெருகி, சிறுநீரகப் பிணியால் வருந்தியபோது, அதை வளர்ப்போர் 1980-களின் இறுதியில் நடு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கே சென்று, சான்றிதழ் ஏதுமற்ற நாய்களைத் தேர்ந்து கொண்டுவந்தனர். 1990-இல் அமெரிக்க நாய்ச் சங்கம் தன் வம்சப் பதிவேட்டை அவற்றுக்குத் திறந்துவிட்டது. அவர்கள் கடல் கடந்து தேடிய நிதி நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது. முதோளைச் சுற்றிய கிராமங்களில் பரிசும் பத்திரமும் இல்லாத, ஆனால் உறுதியான கால்களும் கூர்மையான கண்களும் உடைய கடுவன்கள் இன்னும் உண்டு. திம்மாபுரம் மையத்தாரிடம் கேள்; எலகங்கா நாய்க்கும் உன் பெட்டைக்கும் மூன்று தலைமுறைக்குள் பொது மூதாதை உண்டா என்று பார்; இருந்தால் எத்துணைப் பரிசு பெற்றதாயினும் அந்நாயை விட்டுவிடு.

இறுதியாக ஒன்று. உன் பெட்டையைச் சேர்க்கலாகாது என்று சோதனையில் தெரியவந்தால், அது உன் வீட்டுச் செல்லமாக நீடூழி வாழட்டும்; ஈனாமல் இருப்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஈன்றால், குட்டிகளை வாங்கிச் செல்வோரின் விவரங்களைக் குறித்து வைத்து, அவற்றின் நலத்தை ஆண்டுதோறும் விசாரித்து, எந்தக் குட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, கேட்பவர்க்கெல்லாம் காட்டு. இந்நாட்டில் அரிய நாய்களுக்குப் பெருங்கேடு விளைப்பது நோயைவிட நோயை மறைக்கும் வழக்கமே. தன் நாயின் குறையை ஒருவன் ஒளித்தால், அறியாத பத்துப் பேர் அக்குறையையே பெருக்குகிறார்கள். ஆகவே உன் சோதனை முடிவுகள் வந்தவுடன், நல்லவையாயினும் அல்லவையாயினும், எலகங்காக்காரருக்கு முழுவதையும் சொல். அவர் நாயின் முடிவுகளையும் அவ்வாறே கேட்டு வாங்கு. அவர் தர மறுத்தால் வேறு துணை தேடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்