முதலில் அப்பாவின் கோப்பை

பிள்ளை இலைக்கறி தொடுவதில்லையா? முதலில் அப்பாவின் கோப்பையைப் பாருங்கள். அவர் முருங்கையிலை வறையை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும். அதட்டி ஊட்ட வேண்டாம். கொஞ்சமாக வையுங்கள்; மறுத்தால் இன்னொரு நாள் திரும்ப வையுங்கள். புதுச் சுவை பழகப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ரியூசன் நேரம்தான் சிக்கல். வெறும் வயிற்றோடு போனால் ரோல்ஸும் சோடாவும்தான் வாங்குவார்கள். போக முன்னர் அவித்த கடலையோ குரக்கன் புட்டோ கொடுங்கள். இலங்கையில் 2016 முதல் சோடாப் போத்தல்களில் நிற அடையாளம் உண்டு: சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அதைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.

இரவில் ரிவியை நிறுத்திவிட்டு ஒன்றாகச் சாப்பிடுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு மதியமாவது. ஒடியல் கூழ் காய்ச்சும் நாளில் பயிற்றங்காய் முறிக்கப் பெடியனையும் கூப்பிடுங்கள்.