ஹம்மிங் பறவையை அழைப்போமா?

நம் தேன்சிட்டை ஹம்மிங் பறவை என்பார் பலர். அது வேறு இனம். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் காணப்படும் 'அன்னா' வகையின் எடை சுமார் 4 கிராம்தான். படைத்தவரின் கைத்திறனை என்னென்பது! அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும், பின்புறமாகவும் பறக்கும். ஆணின் தொண்டை கருத்துத் தோன்றும். வெயில் நேராகப் பட்டாலோ ரோஜா நிறத்தில் தகதகக்கும். ஆகவே, சூரியன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று பார்த்தல் நன்று.

இதனை அழைக்கக் குழல் வடிவச் செம்மலர்கள் சிறந்தவை. குப்பியில் சர்க்கரை நீர் தொங்கவிடுவோரும் உண்டு: 1 பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு 4 பங்கு நீர். சாயம் வேண்டாம். தேன் ஊற்றுவது அன்பாகத் தோன்றும்; ஆனால் அதில் எளிதில் வளரும் பூஞ்சை பறவையைக் கொல்லக்கூடும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கொரு முறை குப்பியைக் கழுவ வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பத்தை வெகுவாகத் தணித்துக்கொண்டு, செத்ததுபோல் கிளையில் உறங்கும். அப்போது அதைத் தொட்டு எழுப்பலாகாது.